அரசு அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மின்சேவைக் குழு அமைப்பது எப்படி: மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்தில் நீங்கள் இளநிலை உதவியாளராகவோ, தட்டச்சராகவோ, கணினி இயக்குபவராகவோ பணியாற்றுகிறீர்கள். உங்களுக்கு நிரல் எழுதத் தெரியும் என்பது அலுவலகத் தலைவருக்குத் தெரிய வந்து, “நம்ம ஆபீஸ் வெப்சைட்டை நீங்களே பாத்துக்கிறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அந்த நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மதுரை மாவட்டத்தில் எங்கள் அலுவலகத்தில் மூவர் சேர்ந்து, முடங்கிக் கிடந்த மனு நிலை அறியும் சேவையை மீண்டும் இயக்க ஏழு மாதங்கள் ஆயின. நிரல் எழுதிய காலம் ஏழு வாரங்கள்கூட இல்லை. எஞ்சிய காலம் முழுவதும் ஆணைக்காகவும், கடிதத்துக்காகவும், எங்களுடையதாக இருக்க வேண்டிய ஒரு கடவுச்சொல்லுக்காகவும் காத்திருந்ததிலேயே கழிந்தது. எந்தக் காகிதத்தை எந்த வாரத்தில் யாரிடம் கேட்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் மூன்று மாதங்களையாவது மிச்சப்படுத்தியிருப்போம்.

1. மாற்றும் அதிகாரம் உங்கள் அலுவலகத்திடம் உள்ள சேவையை மட்டும் எடுங்கள்

வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் ஆகியவற்றில்தான் மக்களின் குறைகள் மிகுதி என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றும். தொடங்காதீர்கள். அவை மாநில அளவில் இயங்கும் மென்பொருள்கள். இ-சேவை மையத்தில் ₹60 கட்டிப் பதிவாகும் ஒரு வருமானச் சான்று விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகரும் வரிசையில் ஒரு பொத்தானைக்கூட உங்களால் இடம் மாற்ற முடியாது. அதில் நீங்கள் காணும் குறைகளைத் தேதியுடனும் திரைப்படிமத்துடனும் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மின் மாவட்ட மேலாளரிடம் கொடுங்கள். அதற்கு மேல் அதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உங்கள் அலுவலகமே நடத்தும் சேவைகள் வேறு. மனுப் பதிவேடு, முகாம் டோக்கன், சமுதாயக் கூட முன்பதிவு, கள ஆய்வு நாள் அறிவிப்பு போன்றவற்றில் விதியும் படிவமும் உங்கள் அலுவலகத் தலைவரின் கையொப்பத்துக்கு உட்பட்டவை. அவற்றில் எல்லை தெளிவான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளுக்குக் காளைகளையும் மாடுபிடி வீரர்களையும் மாவட்ட இணையதளத்தில் பதிவு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். யார் பதிவு செய்கிறார், என்ன ஆவணம், எந்த நாளில் திறக்கிறது, எந்த நாளில் மூடுகிறது என்பவை அதில் ஐயமின்றித் தெரிகின்றன. தெளிவுக்கு அதை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். ஆனால் ஓரிரு நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மொய்க்கும் அத்தகைய சேவையை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சேவை தடுக்கி விழுந்தாலும் எழுந்துகொள்ள நேரம் தருவதாக இருக்க வேண்டும்.

2. கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு மனுவின் பின்னாலேயே நடங்கள்

இதற்கு இரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள்; அவற்றுள் ஒரு திங்கள்கிழமையாவது மக்கள் குறைதீர்க்கும் நாளாக இருக்கட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைத் தரநிலையில் உள்ள 14 புள்ளிகளில் முதலாவது, பயன்படுத்துவோரையும் அவர்களின் தேவையையும் புரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். நான் அதைப் படித்தபோது எளிதாகத் தாண்டிச் சென்றேன். வரவேற்பு மேசையில் உட்கார்ந்த பிறகே அதன் பொருள் விளங்கியது.

எங்கள் வரவேற்பு மேசைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் நீலப் பேனாவால் நான்கு வரிகள்: “பேருக்கு முன்னாடி புள்ளி வைக்காதே. ஊர் பேர் இங்கிலீஷ்ல. போன் இல்லாட்டி ஒன்பது பத்து தடவை. சேவ் ஆகலைன்னா எஃப் 5 அடிக்காதே.” அந்த மென்பொருளின் குறைபாட்டுப் பட்டியல் முழுவதும் அந்த நான்கு வரிகளில் இருந்தது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் படிவம் ஏற்காது. கைபேசி இல்லாத முதியோர் அத்தனை பேரின் மனுக்களும் 9999999999 என்ற ஒரே எண்ணின் கீழ் குவிந்து கிடந்தன. பக்கத்தைப் புதுப்பித்தால் ஒரே மனு இரண்டு முறை பதிவாகும். இவற்றை எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அந்த மேசையில் இருப்பவர் எந்த ஆய்வுக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டதில்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு தாள் எங்கேனும் ஒட்டப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

அதே வாரத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் வந்த ஒரு மூதாட்டி மேசைக்கு எதிரே நின்றார். “ஐயா, மனு குடுத்து மூணு மாசமாச்சு, என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லுங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே மஞ்சப்பைக்குள் பாலிதீன் உறையில் மடித்து வைத்திருந்த ஒப்புகைச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். சீட்டில் தபால் பிரிவின் முத்திரையோடு கையால் எழுதிய ஓர் எண் இருந்தது. கணினியில் அந்த எண்ணைத் தட்டினால் எதுவும் வரவில்லை, ஏனென்றால் கணினி அந்த மனுவுக்கு வேறோர் எண்ணைக் கொடுத்திருந்தது. அந்த எண்ணை எவரும் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய மனு இரண்டாவது வாரத்திலேயே ஏற்கப்பட்டு ஆணை தயாராக இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின.

மக்கள் கையில் இருக்கும் சீட்டின் எண்ணும் கணினியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு திருத்தமே எங்கள் வேலையின் பாதி. புதிய வடிவமைப்போ செயலியோ அதற்குத் தேவைப்படவில்லை. பார்த்தவற்றை நோட்டில் எழுதும்போது மனுதாரரின் பெயரையும் ஆதார் எண்ணையும் எழுதாதீர்கள். மனு எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்பதை மட்டும் எழுதுங்கள்.

3. வாய்மொழி உத்தரவில் வேலையைத் தொடங்காதீர்கள்

நான் இழந்த முதல் ஐந்து வாரங்கள் இதில்தான் போயின. “நீங்க ஆரம்பிங்க, ஆர்டர் பின்னாடி போட்டுக்கலாம்” என்று சொன்ன அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மறு மாதம் அவருக்கு இடமாறுதல் வந்துவிட்டது. அடுத்து வந்தவருக்கு நாங்கள் மூவரும் எங்கள் பிரிவு வேலையை விட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்திருப்பது மட்டுமே கண்ணில் பட்டது.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு கருத்துரு தயாரியுங்கள். இரண்டு பக்கம் போதும். என்ன சேவை, இப்போது அதில் மக்களுக்கு என்ன தடை, நோட்டில் நீங்கள் கண்ட இரண்டு மூன்று சான்றுகள், எந்தப் பதவியினர் எத்தனை நாள் தேவை, என்ன செலவு, அது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும், எந்த மாதத்துக்குள் முடியும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதனுடன் இணைக்க வேண்டியவை: இப்போதைய படிவத்தின் நகல், பழைய மென்பொருளுக்கான பணி ஆணையின் நகல், அதன் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த தேதி தெரியும் கடிதம், கணக்குப் பிரிவின் நிதி இருப்புக் குறிப்பு. பழைய பணி ஆணை கிடைக்கவில்லை என்றால் பதிவறையில் தேடும் வேலையை இன்றே தொடங்குங்கள். ஐந்தாவது படியில் அது மீண்டும் தேவைப்படும்.

கருத்துரு ஏற்கப்பட்டதும் வெளியிடப்படும் செயல்முறை ஆணையில் கீழ்க்கண்ட மூன்று வாசகங்கள் இல்லையென்றால் திருத்தம் கேட்டுக் கோப்பைத் திருப்பி வையுங்கள். முதலாவது, குழுவினருக்கு வாரத்தில் இத்தனை முழு நாட்கள் என்ற எண்ணிக்கை. “தமது வழக்கமான பணிகளுடன் கூடுதலாக” என்று எழுதப்பட்டால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கும். இரண்டாவது, சேவையின் உள்நுழைவு உரிமைகள் எந்தப் பதவியிடம் இருக்கும், அவர் இல்லாதபோது எந்தப் பதவியிடம் இருக்கும் என்ற விவரம். மூன்றாவது, படிவத்தில் ஒரு கேள்வியை நீக்கவோ சொல்லை மாற்றவோ யாருடைய ஒப்புதல் போதும் என்பது. மூன்றாவதை நாங்கள் மறந்தோம். “தந்தை அல்லது கணவர் பெயர்” என்ற கட்டத்தைக் கட்டாயமற்றதாக மாற்ற ஒரு கோப்பு நான்கு மேசைகளைச் சுற்றி வந்தது. கணவரை இழந்தவர்களும் தனித்து வாழும் பெண்களும் அந்தக் கட்டத்துக்கு முன் எவ்வளவு நேரம் தயங்கி நின்றார்கள் என்பதை வரவேற்பு மேசையில் இருந்து பார்த்தவள் என்ற முறையில், அந்த மூன்று வாரத் தாமதம் இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

4. ஆட்கள்

நால்வர் போதும், மூவர் இருந்தாலும் நடக்கும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், அந்தச் சேவையின் விதிகளை விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு பிரிவு எழுத்தர், மக்களை நேரில் சந்திக்கும் மேசையில் இருப்பவர், கையொப்ப அதிகாரம் உள்ள ஒரு கண்காணிப்பாளர். கண்காணிப்பாளர் வாரம் ஒரு மணி நேரம் தந்தால் போதும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் தவறக் கூடாது. நிரல் தெரிந்தவர் இல்லையென்றால் மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களை அழைக்கலாம் என்ற யோசனை வரும். சோதனைக்கும் வடிவமைப்புக்கும் அவர்கள் உதவி மிக நல்லது. உண்மையான மனுக்கள் உள்ள தரவுத்தளத்தை மட்டும் அவர்களிடம் திறந்துவிடாதீர்கள். கற்பனைப் பெயர்களால் நிரப்பிய மாதிரித் தரவைத் தனியே உருவாக்கிக் கொடுங்கள்.

5. சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்று பட்டியலிடுங்கள்

எங்கள் பழைய பக்கத்தை உருவாக்கிய வெளி நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. இணைய முகவரி அந்நிறுவன ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மூல நிரல் எங்களிடம் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பும் பெயர் நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. நாங்கள் பணம் கொடுத்த மென்பொருளின் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட எங்களால் முடியவில்லை.

ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று நிரப்புங்கள்: இணைய முகவரி, சேவையகக் கணக்கு, தரவுத்தளக் கடவுச்சொல், மூல நிரல், காப்புப் பிரதி, குறுஞ்செய்திக் கணக்கு, அலுவலக மின்னஞ்சல். எதிலாவது தனிநபரின் பெயரோ சொந்த மின்னஞ்சலோ இருந்தால் அதை மாற்றிய பிறகுதான் அடுத்த படி.

அரசுக்குரிய கவ்.இன் (gov.in) முகவரிகளைத் தேசிய தகவலியல் மையமே பதிவு செய்கிறது. உரிய அதிகாரி அலுவலகத் தாளில் கையொப்பமிட்ட அங்கீகாரக் கடிதம் அதற்கு வேண்டும். மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அந்த மையத்தின் மாவட்டப் பிரிவு இருக்கிறது. கடிதத்தின் வரைவை முதலில் அங்கு காட்டிக் கேட்டுவிட்டுக் கையொப்பத்துக்கு வைத்தால் ஒரு சுற்றுத் தாமதம் குறையும். தனியார் முகவரி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் புதுப்பிக்க மறந்த மறுநாள் அதை வேறொருவர் வாங்கி உங்கள் அலுவலகத்தின் பெயரிலேயே மக்களிடம் பணம் கேட்க முடியும்.

பழைய நிறுவனத்திடமிருந்து மூல நிரலைக் கேட்கும்போது பணி ஆணையின் வாசகம் முக்கியம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். எங்கள் பணி ஆணையில் “மென்பொருள் உருவாக்கி நிறுவித் தர வேண்டும்” என்று மட்டுமே இருந்தது. மூல நிரல் என்ற சொல்லே இல்லை. இரண்டு நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பிறகு, தரவுத்தளத்தின் நகலை மட்டும் பெற்றுக்கொண்டு நிரலைப் புதிதாக எழுதுவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவை இரண்டு மாதம் முன்பே எடுத்திருக்க வேண்டும். நீங்கள் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

6. தமிழ் எழுத்துகளைச் சோதியுங்கள்

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் அலுவலகக் கணினிகளில் வானவில், பாமினி முதலான பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து நகலெடுத்துத் தரவுத்தளத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகளாகத்தான் விழும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றியதை ஒரு மனிதர் வரி வரியாகப் படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. கௌதம் என்ற பெயரில் முதலெழுத்து ஔகார உயிர்மெய். அதையே பலர் ஒற்றைக்கொம்பு, க, அதன் பின் ள என்று தட்டச்சு செய்து “கெளதம்” என்று எழுதுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கௌசல்யா, சௌந்தரம், மௌனிகா என்று மதுரையில் இப்படிப்பட்ட பெயர்களுக்குக் குறைவே இல்லை. துணைக்கால் இடவேண்டிய இடத்தில் ர வந்து உட்கார்வதும் அடிக்கடி நடக்கும். ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடும் வசதியை நம்பாதீர்கள். சீட்டு எண்ணையோ, கைபேசி எண்ணையோ முதல் வழியாக வையுங்கள். பெயர்த் தேடலில் இந்த மாற்று வடிவங்களை ஒன்றாகக் கருதும் விதியை நிரலில் சேருங்கள். கொ, கோ போன்ற எழுத்துகள் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் பதிவாகக்கூடும் என்பதால், சேமிக்கும் முன் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு நெறிப்படுத்தலைச் செய்யுங்கள். இதற்குரிய கட்டளை பரவலாகப் பயன்படும் நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

பெயர்க் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். நம் ஊரில் தலைப்பெழுத்தும் பெயரும்தான். தலைப்பெழுத்து ஒன்றோ இரண்டோ இருக்கலாம், தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புள்ளியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் சான்று அல்லது ஒப்புகைச் சீட்டு அச்சிடும் பகுதியைத் தனியே சோதியுங்கள். திரையில் சரியாகத் தெரியும் “கொடிக்குளம்” அச்சில் கொம்பு இடம் மாறி உடைந்து வருவது மிகப் பரவலான பிழை. ஒத்தக்கடை, கொட்டாம்பட்டி, பேரையூர், சோழவந்தான், மேலூர் என்று கொம்பும் காலும் வரும் ஊர்ப் பெயர்கள் நிறைந்த ஒரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் உங்கள் அலுவலக அச்சுப்பொறியிலேயே அச்சிட்டுப் பாருங்கள்.

7. குறுஞ்செய்தி

மனு ஏற்கப்பட்டதும் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புபவரின் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்பே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான வார்ப்பிலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி போய்ச் சேராது. பதிவை உங்கள் அலுவலகத்தின் பெயரிலேயே செய்யுங்கள். அலுவலக அடையாள ஆவணமும் தலைவரின் அங்கீகாரக் கடிதமும் தேவைப்படும். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே நிரல் எழுதத் தொடங்கும் நாளிலேயே இதையும் தொடங்கிவிடுங்கள்.

செலவுக் கணக்கில் பெரும்பாலோர் தவறுவது தமிழ்ச் செய்தியின் நீளத்தில். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 மட்டுமே, அதுவும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. “தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது” என்பதில் இடைவெளிகளையும் சேர்த்து நம் கணக்கில் 20. புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினியின் கணக்கில் அது 30. வணக்கம், அலுவலகத்தின் முழுப் பெயர், நன்றி என்று மரியாதைக்காகச் சேர்த்தால் செய்தி மூன்று துண்டுகளாகி மூன்று செய்திக்கான கட்டணம் விழும். சீட்டு எண், என்ன முடிவு, அடுத்து எங்கே வர வேண்டும் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள்.

8. பாதுகாப்புத் தணிக்கையும் சேவையக இடமும்

மாநிலத் தரவு மையத்திலோ தேசிய தகவலியல் மையத்திலோ இடம் கேட்டால், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் ஒருவரின் பாதுகாப்புச் சான்றைக் கேட்பார்கள். உள்செலவு தவிர எங்கள் செலவில் பெரியது இதுதான். பெற்ற மூன்று விலைப்புள்ளிகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. குறைந்த விலையில் மறுசோதனை சேரவில்லை என்பது கட்டணப் பட்டியல் வந்த பிறகே தெரிந்தது. முதல் சுற்றில் குறைகள் வருவது உறுதி. ஆகவே விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே “மறுசோதனை உட்பட” என்று எழுதுங்கள். இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஆறு வாரம் ஒதுக்குங்கள். விலைப்புள்ளி போதுமா, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளியே கோர வேண்டுமா என்பதைக் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தணிக்கைத் தடை வரும்போது அந்தத் தாள்தான் உங்களைக் காக்கும்.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளைகளின்படி, பாதுகாப்பு மீறல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு அப்படி நேர்ந்தால் யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆதார் நகலை ஏற்றும் கட்டம் உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். எங்கள் சேவைக்குத் தேவைப்படவில்லை. பழைய படிவத்தில் இருந்ததால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அடையாளம் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நிலையில், வைத்திருக்காத தரவைப் போல் பாதுகாப்பான தரவு எதுவும் இல்லை.

இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 3.0 பதிப்பு 2023-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைத் தமிழில் இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள்.

9. எந்த மாதத்தில் திறப்பது

மார்ச்சில் திறக்காதீர்கள், நிதியாண்டு இறுதியில் கணக்குப் பிரிவு எந்தக் கோப்பையும் பார்க்காது. சித்திரைத் திருவிழாக் காலத்தில் அலுவலகத்தில் பாதிப் பேர் பந்தோபஸ்து, முகாம் பணிகளுக்குப் போய்விடுவார்கள். மே, ஜூன் மாதங்களில் தேர்வு முடிவும் கல்லூரிச் சேர்க்கையும் சேர்ந்து சான்றுகளுக்கான கூட்டம் அலைமோதும். ஜனவரி ஜல்லிக்கட்டுக்குரியது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் புதிய சேவையை அறிவிக்க முன் அனுமதி தேவைப்படும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை உள்ள காலம்தான் நமக்கு உகந்தது. அப்படியானால் கருத்துருவைப் பிப்ரவரியிலேயே வைத்துவிட வேண்டும். ஏப்ரலில் புதிய நிதி ஒதுக்கீடு வரும்போது உங்கள் ஆணை தயாராக இருக்கும்.

திறக்கும் நாளில் பழைய முறையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் பதிவேடும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். நாள்தோறும் மாலையில் இரண்டிலும் உள்ள எண்ணிக்கையை ஒப்பிட்டு இருவர் கையொப்பமிடுங்கள். எங்களுக்கு முதல் வாரத்தில் மூன்று நாட்கள் எண்ணிக்கை பொருந்தவில்லை. மூன்று முறையும் காரணம் வெவ்வேறாக இருந்தது. பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த மனுக்கள் காணாமல் போனது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

10. வெளி நிறுவனம் தேவைப்பட்டால்

எல்லாவற்றையும் நீங்களே செய்ய முடியாது. பெரிய வேலையை வெளிமுகமைக்குக் கொடுக்கும்போது பணி ஆணையில் எழுத வேண்டியவை: மூல நிரலும் அதன் பதிப்புரிமையும் அலுவலகத்துக்கு மாற்றித் தரப்படும், நிரல் மாதந்தோறும் அலுவலகத்தின் கணக்கில் சேர்க்கப்படும், எல்லாக் கணக்குகளும் அலுவலக மின்னஞ்சலில் மட்டும் தொடங்கப்படும், இறுதித் தவணை, அலுவலகப் பணியாளர் ஒருவர் தாமே ஒரு சிறு மாற்றத்தைச் செய்து இயக்கிக் காட்டிய பிறகே விடுவிக்கப்படும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் விலை கூடும் என்று சொல்வார்கள். கூடட்டும்.

11. இடமாறுதலுக்கு ஆயத்தமாக இருங்கள்

அரசுப் பணியில் இது எப்போது வேண்டுமானாலும் வரும். அமெரிக்க அரசுக்குள் 2014 முதல் இயங்கிய 18 எஃப் என்ற தொழில்நுட்பக் குழு 2025 மார்ச்சில் கலைக்கப்பட்டது. ஆனால் அதன் வழிகாட்டிகளும் நிரல்களும் தொடக்கத்திலிருந்தே பொதுவில் இருந்ததால் பிறரால் அவற்றை எடுத்தாள முடிந்தது. நம் நாட்டிலும் அரசு நிரல்களைத் திறந்து பகிர்வதற்கு 2015-இல் வெளியான கொள்கையும், ஓப்பன்ஃபோர்ஜ் என்ற தளமும் இருக்கின்றன. கடவுச்சொற்களையும் தனிநபர் தரவையும் நீக்கிவிட்டு, அலுவலகத் தலைவரின் அனுமதியோடு உங்கள் நிரலை அங்கு வையுங்கள். மேலூரிலோ திருமங்கலத்திலோ உள்ள இன்னொரு அலுவலகம் அதை எடுத்துக்கொள்ளக்கூடும்.

நிரலோடு பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒரு கையேட்டைத் தமிழில் எழுதுங்கள். சேவையகத்தை நிறுத்தி மீண்டும் இயக்குவது எப்படி, காப்புப் பிரதியிலிருந்து மீட்பது எப்படி, தணிக்கைச் சான்று எந்தத் தேதியில் காலாவதியாகிறது, முகவரியை எந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். எழுதியதும் நிரல் தெரியாத பிரிவு எழுத்தரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அதைப் படித்துக்கொண்டே காப்புப் பிரதியை மீட்கிறாரா என்று பாருங்கள். எங்கள் கையேட்டில் அவர் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தை நான்கு முறை திருத்தி எழுதினேன்.

பணி விடுவிப்பு ஆணை கைக்கு வந்ததும், நாற்காலி, மேசை, கோப்புகள் என்று எழுதும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலிலேயே ஐந்தாவது படியில் தயாரித்த சாவிப் பட்டியலையும் சேர்த்து, பொறுப்பேற்பவரிடம் வரிக்கு வரி கையொப்பம் வாங்குங்கள். அன்று மாலை கிளம்புவதற்கு முன் எல்லாக் கடவுச்சொற்களையும் அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். அவர் மாற்றும்போது நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள்.